அம்மா தேறிய காதுப் பரிசோதனை

அப்பா ஒடிசாவிலிருந்து கூப்பிட்டு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ராடு இறக்கும்போது இடது கை விரல் நசுங்கிவிட்டது, தையல் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சரிங்க, சந்தோசமுங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க" என்றாள். வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் என் போன் அடித்தது.

"உங்கொம்மாளுக்கு எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டார் அப்பா.

கோபம் ஒன்றும் இல்லை. அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். போனில் அப்பா பேசுவது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். சாப்பிட்டாயிற்று, வண்டி இந்த ஊரில் நிற்கிறது, போர்வெல் ஓடுகிறது, பணம் போட்டிருக்கிறேன். அதற்கேற்ற பதில்களை அம்மா வரிசையாகச் சொல்லி வந்திருக்கிறாள். எவ்வளவு காலமாக என்று தெரியவில்லை. வரிசை ஒரு நாள் மாறியதால் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கு முன்னால் அவள் அப்பாவிடம் "வீடியோவுல வாங்க, வீடியோவுல வாங்க" என்று நச்சரிப்பதுண்டு. பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்து, "இந்த வயசுலயும் மூஞ்சியப் பாக்காம இருக்க முடியலியாக்கும்" என்று கேலி செய்வாள். அம்மா வெட்கப்பட்டுச் சிரிப்பாள். அவள் பார்த்தது அப்பாவின் வாயை.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவில் இருக்கிறது. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விசைத்தறி ஓட்டுகிறாள். தகரக் கூரை போட்ட பட்டறை, உள்ளே இரண்டு வரிசையாகத் தறிகள். நூலைச் சுமந்துகொண்டு நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்ந்து அடிக்கும் சத்தம் எல்லாத் தறியிலும் ஒன்றாக எழும்போது அதற்குள் நின்று பேச முடியாது. கத்தினாலும் பயனில்லை. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், குரல் வராது. கணவன் குடித்துவிட்டு வந்தது, மாமியார் சண்டை, குழந்தைக்குக் காய்ச்சல், சினிமாக் கதை எல்லாம் அப்படித்தான் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும். அம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே அதில் தேர்ந்துவிட்டாள்.

வெளியிலும் அது உதவியது. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, எதிர்க் கோடியில் நிற்கிறவர்கள் பேசுவதை எனக்குச் சொல்லுவாள். "மாப்பிள்ளையோட சித்தி, சாம்பார்ல உப்பே இல்லீங்கறா. அவ புருசன் மெதுவாப் பேசு மெதுவாப் பேசுங்கறான்." அந்தக் கணவனும் மனைவியும் மெதுவாகத்தான் பேசினார்கள். அம்மாவிடம் மெதுவாகப் பேசிப் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட ஒருத்திக்குக் காது கேட்கவில்லை என்று யார் சந்தேகப்படுவார்கள்?

ஈரோட்டில் காது மருத்துவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்ன வேலை என்று முதலில் கேட்டார். தறி என்றதும் தலையை ஆட்டினார். இது இரைச்சலால் வருவது, போனது திரும்பாது, காது மிஷின் வைத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம் என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. நான் எம்.காம். முடித்துத் திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அரசாங்கக் காகிதம் எதுவானாலும் எங்கள் தெருவில் என்னிடம்தான் வரும். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தேவையும் இல்லை. அந்த வாரமே சட்டத்தைத் தேடிப் படித்தேன். வேலையால் வரும் நோய்களின் வரிசையில் இரைச்சலால் ஏற்படும் காதுக்கேடும் இருக்கிறது. முதலாளி இழப்பீடு தர வேண்டும். தராவிட்டால் சேலத்தில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் மனு போடலாம். படித்து முடித்ததும், இத்தனை வருடம் இது எங்கள் பக்கத்தில் ஒருவர் காதிலும் விழவில்லையே என்று நினைத்தேன். காதில் விழவில்லை என்று நினைத்ததற்கு எனக்கே சிரிப்பு வந்தது.

அம்மாவிடம் சொன்னபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓனரு நம்மள என்ன பண்ணுனாரு?" என்றாள்.

"காதப் போக வெச்சாரு."

"அவரா வந்து காதுல குத்துனாரு? தறி ஓடுனா சத்தம் வரத்தான் செய்யும். அவரும் அங்கதான உக்காந்திருக்காரு."

"அவருக்கு வேணும்னா அவரு கேஸ் போட்டுக்கட்டும்."

"யாரு மேல போடுவாரு, அவரு மேலயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கைநாட்டு வைக்கவும் சம்மதித்தாள். நான் சொல்லி அவள் மறுத்த காரியம் அதுவரை இல்லை. படித்த பெண் சொல்கிறாள் என்பது அவளுக்குப் போதுமான காரணம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தப் பட்டறை இரைச்சல்தான் இவள் காதைக் கெடுத்தது என்று அரசாங்கத் தாளில் எழுத்தாக வர வேண்டும். தொகையும் காது மிஷினும் அதற்குப் பின்னால்.

நோட்டீஸ் கிடைத்த மறுநாள் ஓனர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர், எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது சாக்லெட் டப்பா வாங்கிக்கொண்டு வந்தவர்.

"ஏனம்மிணி, உங்கொம்மாளுக்குக் காது கேக்கலீன்னு எழுதியிருக்கற. நான் கூப்புட்டா ஓடியாறாளே?"

"எப்படிக் கூப்புடுவீங்க?"

"கையக் காட்டுவேன்."

"கையக் காட்டுனா காது கேக்காதவங்களும்தான் வருவாங்க."

அவர் அம்மாவிடம் திரும்பி, "நாளையிலிருந்து வர வேண்டாம்மா, கேஸ் முடியட்டும்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. அம்மா வாசலில் நின்று அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்ணா" என்றாள். அன்றோடு அவளுக்கு வேலை போயிற்று. பொய்க் கேஸ் போட்டிருக்கிறாள், நன்றாகத்தான் பேசுகிறாள் என்று தெருவில் ஒரு பேச்சும் கிளம்பியது. மனு தோற்றால், வேலை போனது போக, பொய்க்காரி என்ற பேரும் அவளுக்கு நிலைத்துவிடும். அதனால் தோற்கக் கூடாது என்றாகிவிட்டது.

அரசு மருத்துவரின் சான்று வேண்டும் என்றார்கள். அதற்காகச் சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். எதற்குப் போகிறோம் என்று அம்மா கேட்டபோது நான், "காது டெஸ்டும்மா" என்றேன். அதைத் தாண்டி விளக்கத் தோன்றவில்லை.

கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் அவளை உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு விரலைத் தூக்க வேண்டும். வெளியே ஒரு பெண் கருவியின் முன்னால் உட்கார்ந்து பொத்தான்களை அமுக்கினாள். வரிசை நீளமாக இருந்தது, அவளுக்கு அவசரம். நான் வராந்தாவில் இருந்தேன். அம்மா வெளியே வந்தபோது அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

பேருந்து சங்ககிரி தாண்டும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணு உடாம சொல்லிப்போட்டேன் சாமி. அந்தப் புள்ளைக்கே ஆச்சரியம்."

"கேட்டுச்சாம்மா?"

"எங்க கேட்டுது? காதுல குய்யின்னு ஒரு எரச்சல், அது எப்பவும் இருக்கறதுதான். அந்தப் புள்ள பொத்தான அமுக்கறப்ப தோளு லேசா எறங்குது. எறங்குனா நான் வெரலத் தூக்கிப்போடுவேன். கடசில கொஞ்சம் அசந்துட்டேன், ஒண்ணு ரெண்டு உட்டுப்போயிருக்கும்." பிறகு என் தொடையைத் தட்டி, "நீ மட்டுந்தான் பரிச்சயில பாஸ் பண்ணுவியா?" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தறியில் நூல் அறுந்தால் அது சத்தம் போட்டுச் சொல்லாது. ஒருத்தி ஒரே நேரத்தில் பல தறிகளைக் கண்ணாலேயே காத்து நிற்க வேண்டும். அப்படி நின்று பழகியவளைக் கண்ணாடிக்கு எதிரே உட்கார வைத்து, தவறாமல் விரல் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். தவறுவதற்குத்தான் இந்தப் பரிசோதனை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சான்று வந்தது. கேட்கும் திறனில் லேசான குறைவு, வயதின் காரணமாகவும் இருக்கலாம்.

விசாரணை அன்று ஓனரின் வக்கீல் அந்தச் சான்றை முதலில் காட்டினார். எங்கள் பக்கம் வக்கீல் இல்லை. நானே பேச அனுமதி கேட்டிருந்தேன், அதிகாரி சரி என்றிருந்தார். நடுத்தர வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். நீண்ட அறையில் அவர் மேசையின் பின்னால் இருந்தார். அம்மாவுக்கு அவர் எதிரில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

வக்கீல் அவள் முன்னால் வந்து நின்று கேட்டார்.

"எத்தனை வருசமா அங்க வேலை செய்யறீங்க?"

"கல்யாணமானதுல இருந்துங்க."

"பட்டறையில வேற பொம்பளைங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்களுக்கெல்லாம் காது கேக்குதா?"

"அத அவிங்களத்தானுங்க கேக்கோணும்."

அறையில் இரண்டொருவர் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். குரலை இன்னும் இறக்கி, கிசுகிசுப்பது போல, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"பழைய சோறுங்க. வெங்காயம் கடிச்சுக்கிட்டேன்."

வக்கீல் அதிகாரியிடம் திரும்பினார். "ஐயா, நான் கேட்டது உங்களுக்கே கேட்டிருக்காது. இந்தம்மாவுக்குக் கேட்டிருக்கு."

அம்மா என்னைப் பார்த்துப் பெருமையோடு புன்னகை செய்தாள். நான் எழுந்தேன். அம்மா உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாள், தறி ஓட்டுகிறவர்களுக்கு இது பழக்கம், இதே கேள்விகளை முதுகுப்பக்கம் நின்று கேட்கச் சொல்லுங்கள் என்றேன். அதிகாரி தலையசைத்தார். வக்கீல் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் வாயைத் திறக்கும் முன்பே அம்மா நாற்காலியில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா திரும்பறீங்க?" என்றார் அதிகாரி. அவள் இப்போது அவருக்கு முதுகைக் காட்டி இருந்ததால் பதில் வரவில்லை. வக்கீல் வேறு ஏதோ கேட்டார், அதற்குப் பதில் சொன்னாள். அதிகாரி மறுபடியும் சற்று உரக்க, "அம்மா" என்றார். அவள் திரும்பவில்லை. அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"நீங்க எல்லாரும் பின்னால பாத்தீங்க. அதப் பாத்துட்டு அவங்களும் திரும்புனாங்க" என்றார் என்னிடம். "ஆனா நான் பாத்தத வெச்சுத் தீர்ப்பு எழுத முடியாது. மறுபடியும் டெஸ்ட் எடுக்கட்டும். செவுத்தப் பாத்து உக்கார வெச்சு எடுக்கச் சொல்லி எழுதறேன்."

வக்கீல் ஆட்சேபித்தார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

இந்த முறை நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் புரிய வெகு நேரம் பிடித்தது. புரிந்த பிறகு அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"தோக்கறதுக்குன்னு ஒருத்தி சேலம் வரைக்கும் போவாளா?"

"தோக்கறதில்லம்மா. உண்மையச் சொல்றது."

"அந்தப் புள்ள முன்னால மக்கு மாதிரி உக்காந்திருக்கோணும்."

"கேட்டாத் தூக்கு. கேக்கலீன்னா தூக்காத. வேற ஒண்ணும் வேண்டாம்."

"எத்தன காலமா யாருக்கும் தெரியாம ஓட்டிட்டு வந்தேன். நீ என்னடான்னா ஊரக் கூட்டிக் காட்டோணுங்கற" என்றாள். அப்படியானால் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் வெளுத்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, போலாமா என்று வாசலில் வந்து நின்றாள்.

அதே அறை, வேறு பெண். அதிகாரியின் உத்தரவு இருந்ததால் என்னையும் கருவியின் பக்கத்தில் நிற்க விட்டார்கள். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அம்மாவின் முதுகும் கொண்டையும் மடியோரம் வைத்த கையும்தான் எங்களுக்குத் தெரிந்தன. அந்தச் சுவரில், காதின் உட்பகுதியை வரைந்த படம் ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடியில் நாங்கள் இருவரும் தெரிந்தோம். பொத்தானில் விரல் வைத்திருந்த பெண்ணின் தோளும் தெரிந்தது.

நான் அதைப் பார்த்தபோது அம்மாவும் பார்த்துவிட்டாள். கண்ணாடியில் அவள் பார்வை என் பார்வையைச் சந்தித்தது. அந்தப் பெண்ணிடம் படத்தைக் கழற்றச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

பெண் பொத்தானை அமுக்கினாள். அம்மாவின் கை மடியில் இருந்தது. மறுபடி அமுக்கினாள், ஒலியைக் கூட்டினாள். கருவியில் முள் ஏறிக்கொண்டே போனது. நான் அம்மாவின் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் அலைந்தேன். அப்போது ஒரே ஒரு முறையாவது எழுந்தால் நன்றாக இருக்குமே என்று இருந்தது. ஒலி மிகவும் ஏறிய பிறகு, ஹெட்போனிலிருந்து கசிந்து எங்களுக்கே கேட்கத் தொடங்கிய பிறகு, அவள் விரல் மெல்ல, நிச்சயமில்லாமல், பாதி உயர்ந்தது. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்ததும், "எப்படிப் பண்ணுனேன்?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லாப் பண்ணுனம்மா" என்றேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை.

பேருந்து நிலையத்தில் அவளுக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். திரும்பும் வழி முழுக்க அவள் தூங்கினாள்.

இரண்டாவது சான்றில் இரண்டு காதிலும் கடும் இழப்பு, தொடர்ந்த இரைச்சலால் ஏற்படும் வகை என்று இருந்தது. மருத்துவரை விசாரித்தார்கள். இரண்டு சான்றுக்கும் இவ்வளவு வித்தியாசம் எப்படி என்று ஓனரின் வக்கீல் கேட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டதுதான் வித்தியாசம் என்றார் மருத்துவர். அதற்குப் பிறகும் சில வாய்தாக்கள் போயின. கோடை வந்து போனது. உத்தரவு கையில் கிடைத்தபோது அதைத் தொழிலாளர் அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். மனுதாரரின் செவித்திறன் இழப்பு அவருடைய வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் ஏற்பட்டது என்று முடிவு செய்யப்படுகிறது. நாங்கள் கேட்ட தொகையில் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

அம்மாவுக்கு அதை மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னேன்.

"அப்ப, நான் பொய் சொல்லலீன்னு எழுதியிருக்குதா?"

"ஆமா."

"அத நம்ம தெருவுல படிச்சுக் காட்டு" என்றாள். படித்துக் காட்டினேன்.

இனி அவள் தறிக்குப் போக மாட்டாள் என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். காது மிஷின் வாங்கியாகிவிட்டது, அப்பாவோடு வீடியோ இல்லாமலும் ஓரளவு பேசினாள். ஒரு திங்கட்கிழமை நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அவள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அடுத்த ஊரில் ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டிருந்தாள்.

"ஏம்மா, இவ்வளவு பாடுபட்டும்..."

"காதுக்குத்தான சாமி குடுத்தாங்க. கை நல்லாத்தான இருக்குது" என்றாள். "ஊட்டுல உக்காந்து யாரு மூஞ்சியப் பாக்கறது?"

பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டினாள். இரைச்சல் புகாமல் இரண்டு காதையும் மூடிக்கொள்ளும் மஞ்சள் நிற மூடி, புதிது, மேலட்டை கூடப் பிரிபடவில்லை.

"உள்ள நொழஞ்சதும் அந்த ஓனரு மொதல்ல இதத்தான் எடுத்து நீட்டுனாரு. தறியக்கூடக் காட்டல. இதப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கோணும், நாளைக்கு என்னைச் சேலத்துக்கு இழுத்துப்போடாதீங்கன்னு கும்புடாத கொறையாச் சொன்னாரு." சொல்லும்போதே சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது.

"எல்லாருக்கும் குடுத்தாரா?"

"எனக்கு மட்டுந்தான்."

"மத்தவங்களுக்கு?"

"அவிங்க கேஸ் போடலியே" என்று சொல்லிவிட்டு, அட்டையைப் பிரித்து அதைக் காதில் மாட்டிக் கண்ணாடியில் பார்க்கப் போனாள்.